ஒரிஜினல் எலுமிச்சை

முள்ளுக்காட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எருமை ஆசைப்பட்டு வாங்கியது. எல்லாமே அந்தக் காலத்து ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று ஏழு வருஷம் ஊர் ஊராக அலைந்து, கடைசித் திருகாணிவரை தேடிப் பூட்டியது.

வெள்ளோட்டத்தன்று பூசை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியதும், முன்சக்கரத்தடியில் நசுங்கவிருந்த பழம் அவசரமாகக் குரல் கொடுத்தது.

“எருமையண்ணே, வண்டி எந்த வருஷத்துது?”

“அறுபத்திரண்டு! ஒரு திருகாணிகூட டூப்ளிகேட் கிடையாது.”

“நான் போன வாரம்தான் பழுத்தேன். பரவாயில்லையா?”

எருமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நல்லவேளை சொன்னே தம்பி, மானம் போயிருக்கும்!” என்று இறங்கி, அறுபத்திரண்டாம் வருஷத்து எலுமிச்சையைத் தேடிக் கிளம்பியது.

ஒன்பது வருஷம் கழித்து, அறுபத்திரண்டில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்றோடு துள்ளிக் குதித்து வந்து சேர்ந்தது. கார் மறுபடி துருவாகிக் கிடந்தது. முன்சக்கரத்தடியில் விட்டுப்போன அந்தப் பழம் முளைத்து, காரின் முன்பக்கத்தைப் பிளந்துகொண்டு பெரிய மரமாக நின்றது. எருமை ஆத்திரத்தில் கோடாரியை ஓங்கியது.

“அண்ணே, நான் கம்பெனியிலேயே பூட்டி வந்த ஒரிஜினல்!” என்று அலறியது மரம்.

எருமை கோடாரியைக் கீழே போட்டுவிட்டு, மரத்துக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தது.