பத்து நம்பர்

மாறன் போன் ஒயரை நறுக்கென்று வெட்டியதும் சௌந்தரவல்லி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ, என்ன தம்பி பண்றீங்க! இன்னிக்குப் போயா போன அறுப்பீங்க? படகு வந்தா வூடுகளுக்குச் சொல்ல வேணாமா?"

பட்டினச்சேரி படகுக்காரர் சங்க ஆபீஸில் எழுத்து வேலை அவளுக்கு. நேற்று சாயந்திரமே கரை சேர்ந்திருக்க வேண்டிய மூன்று படகுகளை இன்னும் காணோம். காற்றோ பேய்க்காற்று. போனைக் கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், பாவம்.

மூன்றில் ஒன்று முத்துக்குமரன் படகு. அவன் பெண்டாட்டி அமுதம் ஆபீஸ் வாசலிலேயே அழுதுகொண்டு கிடந்தாள். "சேதி வந்தா ஒடனே ஒனக்குத்தான். போயி ஒரு வாய் சாப்புடு, போ" என்று அவளை இப்போதுதான் வீட்டுக்குத் துரத்தியிருந்தாள் சௌந்தரவல்லி.

"பத்தே நிமிஷங்க்கா," என்றான் மாறன். "அலாரத்தோட ஆட்டோ டயலர இந்த லைன்லதான் கோக்கணும். எவனாவது கிடங்குக் கதவத் தொட்டா, இதுவே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடும்."

சுனாமிக்கு அப்புறம் கட்டிய வலைக் கிடங்கு அது. போன மாதம் அதிலிருந்து இரண்டு எஞ்சின்களை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்குத்தான் இந்த ஏற்பாடெல்லாம். மாறனுக்கோ தனியாளாக வந்திருக்கும் முதல் வேலை. சொதப்பினால் முதலாளி பழையபடி ஏணி பிடிக்க விட்டுவிடுவார்.

லைனைச் சேர்த்து மூடியைத் திருகும்போது கரைப்பக்கம் ஒரே கூச்சல். "பூமிநாதன் படகு வந்துட்டுதுடோய்!"

சௌந்தரவல்லி பாய்ந்து போனை எடுத்தாள். ஏதோ நம்பரை அழுத்தினாள். இரண்டு ரிங் போனதும் டக்கென்று வைத்துவிட்டாள்.

"ஏங்க்கா, எடுக்கலியா? லைன்ல கோளாறா?" பதறிப்போனான் மாறன்.

"எடுக்க மாட்டாங்க தம்பி, சேதி போயிடுச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கரைக்கு ஓடினாள்.

செயலாளர் தியாகராசனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "படகுக்காரங்க வூட்டு நம்பரு லிஸ்ட் மேசையில இருக்கு பாருங்க. பத்து நம்பரையும் ஏத்தி, அடிச்சுப் பாத்துடுங்க. ஒரே ஆளுக்கு அடிச்சுக்கிட்டு நின்னா திருடன் நாகூரு தாண்டிடுவான், சொல்லிட்டேன்!"

அதுவும் நியாயம்தானே? ஒருவர் எடுக்காவிட்டால் எத்தனை ரிங்கில் அடுத்த நம்பருக்குத் தாவ வேண்டும் என்று டயலரில் போட வேண்டும். கம்பெனியில் எட்டு என்று வைத்து அனுப்பியிருந்தார்கள். மாறன் எட்டை அழித்துவிட்டு இரண்டு என்று போட்டான். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

சைரன் ஒயரை மட்டும் கழற்றிவிட்டுக் கிடங்குக் கதவைத் திறந்தான். டயலரில் பச்சை விளக்கு மினுக்கியது. முதல் நம்பர், இரண்டு ரிங், எடுக்கவில்லை. அடுத்தது, அதுவும் இல்லை. பத்தாவது வரைக்கும் போய் நின்றது. 'கிடங்குல திருடன், ஒடனே வாங்க' என்று காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் பதிவு செய்த குரலை ஒரு ஜீவன் கேட்கவில்லை.

மாறன் லிஸ்ட்டை எடுத்து நம்பர்களை மறுபடி சரிபார்த்தான். ஆளுக்கொரு செல்போன் இருக்கும் ஊரில் பத்துப் பேருமா எடுக்காமல் இருப்பார்கள்? எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. செயலாளர் வந்தால் என்ன பதில் சொல்வது?

தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். மணலில் விழுந்தடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அப்பாடா! பத்தில் இரண்டு பேராவது வந்தார்களே!

முன்னால் வந்தவள் அமுதம். காலையில் அழுத முகமா இது என்று கேட்கும்படி ஒரு சிரிப்பு. ஒரு கையில் காய்ந்த கைலியும் துண்டும், இன்னொரு கையில் பிளாஸ்க். திருடனைப் பிடிக்க வருகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று யோசிக்க அவனுக்கு ஏது நேரம்?

"பயப்படாதீங்கக்கா! ஒண்ணுமில்ல, சும்மாத்தான் அடிச்சுப் பாத்தேன்!" என்று பெருமையாகக் கத்தினான்.

அது அவள் காதில் ஏறவே இல்லை. மூச்சிரைக்க அவனைத் தாண்டி ஆபீஸுக்குள் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் பார்த்தாள். கதவு மறைவிலும் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு மாறாமலே அவனிடம் திரும்பினாள்.

"ரெண்டு ரிங்கு வந்துச்சே தம்பி... எங்க வூட்டுக்காரரு எங்க?"