மூணாவது ஆள்

"யாரு அந்த மூணாவது ஆள்?"

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டான் தம்பி. பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் வேறு. 'அக்கா, நான் செஞ்சது தப்பு, திரும்பவும் சேர்த்துக்கோ' என்பதுதான் அது. அக்கா முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ கேட்டுத் தொலைத்தது.

"முதல்ல உள்ள வா. வந்ததும் வராததுமா விசாரணையா?" என்றாள் அக்கா.

வீட்டின் பின்னறைதான் அவர்களுடைய ஸ்டுடியோ. சுவரெல்லாம் சத்தம் வெளியே போகாமலிருக்க ஒட்டிய பஞ்சு, மேஜையில் கம்ப்யூட்டர், தரையெங்கும் கால் வைக்க இடமில்லாமல் ஒயர். அக்கா, அவள் கணவர், தம்பி மூவரும் சேர்ந்து நடன அரங்குகளுக்கான எலக்ட்ரானிக் இசைக்குழு தொடங்கியது இந்த அறையில்தான். தம்பி கோபித்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனதும் இதே அறையிலிருந்துதான்.

எல்லாம் வேகத்தால் வந்த வினை. 'இன்னும் கொஞ்சம் நிதானமா, இடம் விட்டு வாசிக்கலாமே' என்றாள் அக்கா. 'நிதானமாப் போனா ஆட வந்தவன் கொட்டாவி விடுவான்' என்றான் தம்பி. பேச்சு வளர்ந்து, சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். அப்புறம் தனியாக என்னென்னவோ செய்து பார்த்தான். ஒருத்தரும் சீண்டவில்லை.

இப்போது இவர்களுடைய புது ஆல்பம் வந்திருக்கிறது. ஊரே அதைத்தான் பேசுகிறது. பழைய இடி முழக்கமெல்லாம் காணோம். தாளம் நடந்து வருகிறது, ஓடி வரவில்லை. நடுநடுவே எல்லாச் சத்தமும் யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கி நிற்கிறது. அந்த இடத்தில் கேட்பவன் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. தம்பியின் காலும் ஆடியது, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு அக்கா ரேடியோ பேட்டியில், 'மூணாவது ஆள் இல்லேன்னா இந்த ஆல்பமே இல்ல' என்று வேறு சொல்லியிருந்தாள்.

"வாங்க மாப்ள!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் அக்காவின் கணவரான மாமா. "ஆல்பம் கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லாத்தான் இருக்கு." "அந்த இடைவெளியெல்லாம் யார் யோசனை?"

"அவனாலதான் வந்தது," என்றாள் அக்கா.

"எங்க புடிச்சீங்க அவனை?"

"தேடியெல்லாம் போகல. தெரிஞ்ச பையன்தான்."

"என்னைவிட நல்லா வாசிப்பானா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "வாசிப்புல பெருசா வித்தியாசம் இல்லடா. ஆனா குறுக்க குறுக்கப் பேச மாட்டான்."

"வேகத்தைக் குறைச்சாலும் சரின்னு கூட வருவான்," என்றார் மாமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கோவிச்சுக்கிட்டுக் கதவை உடைக்கிற வேலையெல்லாம் கிடையாது. தங்கமான புள்ள!"

தம்பிக்குச் சுருக்கென்றது. இவன் உட்கார்ந்த இடத்தில் எவனோ வந்து உட்கார்ந்திருக்கிறான், நல்ல பெயரும் வாங்கியிருக்கிறான். இவனுக்கு இனி இங்கே என்ன வேலை?

"எல்லாப் பாட்டுக்கும் அவன் இருந்தானா?"

"ஒரு பாட்டுகூட அவன் இல்லாம பண்ணல. அவன் எங்க வர்றான்னு பார்த்து, அங்க நான் விலகிக்குவேன். அவ்வளவுதான் எங்க புது பாணி."

"எனக்கு என்னைக்காவது அப்படி விலகியிருக்கியாக்கா?"

"விலகியிருந்தா நீ கவனிச்சிருப்பியா?"

உண்மையிலேயே கவனித்திருக்க மாட்டான்.

"அடுத்த ஆல்பமும் இதே மாதிரிதான் வேணும்னு கம்பெனிக்காரங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க," என்றார் மாமா.

தம்பி எழுந்துவிட்டான். "அப்ப அவனையே வெச்சுக்கோங்க. என்னை மறுபடியும் சேர்த்துக்குவியான்னு கேக்கத்தான்க்கா வந்தேன். வெக்கத்தை விட்டுட்டு வந்தேன். ஆனா எனக்காக இன்னொருத்தன் பொழப்பைக் கெடுக்காத. நல்லா செஞ்சிருக்கான்." கண் கலங்குவதை மறைக்கக் குனிந்து தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தான்.

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அவனைப் பார்க்காம போறியே?"

"இங்கயா இருக்கான்?"

"எங்கயும் போகல. உக்காரு."

ஹெட்போனை எடுத்து அவன் தலையில் மாட்டினாள். கம்ப்யூட்டரில் ஆல்பத்தின் முதல் பாட்டைத் திறந்தாள். திரையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வண்ணப் பட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், ஓசை நிறுத்தப்பட்டிருந்த ஒரு பட்டை மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதற்கும் ஓசை வரும்படி தட்டிவிட்டாள் அக்கா.

தாளம் வந்தது. அக்காவின் சின்தசைசர் வந்தது, வழக்கம்போல ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில், ஆல்பத்தில் எங்குமே இல்லாத ஒரு கனத்த பேஸ் நாதம் பொங்கி எழுந்தது. சண்டைக்கு முந்தி, ஒத்திகை நேரங்களில் தம்பியே சும்மா வாசித்துப் பதிவு செய்துவிட்டு மறந்துபோன பேஸ். வேகத்தை மட்டும் குறைத்திருந்தார்கள்.

தம்பி மெல்ல ஹெட்போனைக் கழற்றினான்.

"'என் சத்தம் ஒரு பொட்டுகூட உங்க ஆல்பத்துல கேக்கக் கூடாது'ன்னு கத்திட்டுப் போனியே," என்றாள் அக்கா. "அதான்டா, ஒவ்வொரு பாட்டையும் உன்னைக் காதுல கேட்டுக்கிட்டேதான் வாசிச்சோம், வெளிய விடும்போது உன்னை மட்டும் மியூட் பண்ணிட்டோம்."