புது வரப்பில் ஒரு வளை

பழைய வரப்பில் இடம் போதவில்லை. எலிகளின் தலைவர் எதிரே இருந்த புது வரப்பைக் காட்டினார். “அங்கே பழைய சட்டம் செல்லாது. புதிது புதிதாகச் சோதித்துப் பார்ப்போம். நல்லதாக அமைவது எல்லோருக்கும் ஆகும்” என்றார்.

நம்பிக் குடிபோனவர்களில் செவலை என்ற எலியும் ஒருத்தி. முதல் உத்தரவுப்படி வளையின் வாசலை அகலமாக வைத்தாள், பாம்பு வந்தது. அடுத்த உத்தரவுப்படி ஆழமாகத் தோண்டினாள், தண்ணீர் வந்தது. இரண்டு முறை ஈன்ற குட்டிகளும் போயின. மூன்றாவது உத்தரவுப்படி தூங்கும் அறையை மேலே ஏற்றி, தப்பி ஓடப் பின்வாசலும் வைத்தாள். பாம்பும் வந்தது, வெள்ளமும் வந்தது. ஆனால் இந்த முறை ஈன்ற ஆறு குட்டிகளும் பிழைத்துக்கொண்டன.

தலைவர் வந்து பார்த்தார். “அடேயப்பா! இன்றைக்கே பழைய வரப்பு முழுக்க இப்படித் தோண்டச் சொல்கிறேன்.”

“அப்பாடா. இனி நானும் கொஞ்சம் கண்ணை மூடலாம், பெரியவரே.”

“எங்கே மூடுவது? இதுதான் சரி என்று தெரிந்துவிட்டதே, இனி இதில் சோதிக்க என்ன இருக்கிறது? இதைத் தூர்த்துவிடு அம்மா. அடுத்து கூரையே இல்லாத வளை. காற்றோட்டமாக இருக்குமாம்.”

“அதை உங்கள் வரப்பிலேயே செய்து பார்க்கலாமே?”

தலைவர் திடுக்கிட்டார். “அங்கேயா? அங்கே குட்டிகள் இருக்கின்றனவே!”

செவலை ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, இடமில்லாத பழைய வரப்பை நோக்கி நடந்தாள். மற்ற ஐந்துக்கும் அவள் திரும்பித் திரும்பி வரவேண்டும்.