செத்த குட்டியின் தோல்

செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத குட்டியின் முதுகில் போர்த்திக் கட்டினான் அவன். வாசனையில் ஏமாந்து, செத்த குட்டியின் தாயாடு பால் கொடுத்தால் குட்டி பிழைக்கும். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் போய்விடும்.

இந்த வேலை நடக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இன்று அவள் நகரவில்லை.

குட்டியைப் பட்டிக்குள் விட்டான். ஆடு ஒரே முட்டில் அதைச் சுவரோரம் தள்ளியது.

“வேஷம் பலமாத்தான் இருக்கு,” என்றாள் அவள். “மூஞ்சி அப்படியே தெரியுதே!”

“சும்மா இரு. அதுக்கு மூக்குதான் கண்ணு,” என்றான் அவன்.

ஆடு மறுபடி கிட்டே வந்தது. வாலை முகர்ந்தது. முகத்தையும் முகர்ந்தது. குட்டி தள்ளாடிப்போய் மடியைத் தேடியது. ஆடு அசையாமல் நின்றுகொண்டது.

“அப்பாடா! ஏமாந்துடுச்சு.”

“ஏமாறலைங்க. தெரிஞ்சுதான் நிக்குது.”

“பெரிய ஆட்டு டாக்டர்! உனக்கு எப்படித் தெரியும்?”

வீட்டு வாசலிலிருந்து மகன் கத்தினான். “அம்மா, பசிக்குது!”

“இதோ வந்துட்டேன்டா கண்ணு!” என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பிரசவத்தப்ப மயக்கத்துலயும் எனக்குக் காது கேட்டுச்சுங்க. நம்ம புள்ள அழவே இல்ல.”

அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

“அப்புறம் நீங்க இவனைக் கொண்டுவந்து, நம்ம புள்ளன்னு என் பக்கத்துல போட்டீங்க. யார் பெத்த புள்ளையோ, பசியில வாயைத் தொறந்துட்டான். முட்டித் தள்ள மனசு வரலை.”