ஓகோரின் பூஜ்ஜியம்

டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் உணவுக்கூடத்தில் காபி ஊற்றிவந்த மாரென் என்பவரிடம், மூடுபனி இறங்கிய ஓர் அக்டோபர் மாலையில் இதைக் கேட்டேன். அவர் சொன்ன போக்கிலேயே தருகிறேன்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, ஸ்வென்னிங்?" என்று கேட்டாள் இங்கெலிஸ்.

சங்கத்தின் வாராந்தர அறிக்கையை அமைப்பவள் அவள். எந்தப் பத்தி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும், எந்தப் பெயருக்குப் பின் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. ஸ்வென்னிங் மேலாளர்.

"பூஜ்ஜியம் இருக்கிற வரியை மறைக்கணும். அவ்வளவுதான்" என்றார் அவர்.

"அப்படி ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"தெரியும். ஓகோர்."

ஓகோர் மாடுகளை விற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. மனைவியும் இல்லை. சங்கத்து உறுப்பினர் என்ற பெயர் மட்டும் மிச்சம். ஆங்கில எழுத்தில் இரண்டு 'ஏ' போட்டு எழுதி 'ஓ' என்று ஒலிக்கும் பெயர் அது. டேனிஷ் எழுத்து வரிசையில் இரட்டை 'ஏ' கடைசி எழுத்து. ஆகவே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், எவர் கண்ணிலும் படாமல் அந்தப் பெயர் தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே, பால் லிட்டர் கணக்கில், பூஜ்ஜியம்.

புதிதாக வந்த கணினி நிரல் பெயர்களை ஆங்கில வரிசையில் அடுக்கிவிட்டது. ஓகோர் முதல் பக்கத்து முதல் வரிக்கு வந்துவிட்டார்.

"வரிசையை டேனிஷுக்கு மாத்திடறேன். மறுபடி அடியில போயிடுவார். யாருக்கும் தெரியாது" என்றாள் இங்கெலிஸ்.

"அடியிலயும் வேண்டாம். மறைச்சிடு."

"அந்த வரி இருக்கறதாலதான் பால் எடுக்கப் போற லாரிக்காரங்க பட்டியல்ல அவர் வீடு வருது. கிரெஸ்டென் அங்க நிறுத்தி அவரோட ஒரு வாய் காபி குடிக்கிறான். வரியை எடுத்தா அந்த வாசலுக்கு வர வேற ஆளே கிடையாது!"

"இங்கெலிஸ், மறைச்சிடு."

மறைத்தாள்.

உணவுக்கூடத்தில் ஸ்வென்னிங்கோடு ஒரே மேசையில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று.

"கார் வீட்ல நிக்குது, தொரை சைக்கிள்ல போறார்" என்றான் லாரி ஓட்டுநர் கிரெஸ்டென், அவர் காதில் விழும்படியே. "காபியையும் மிச்சம் பண்ணியாச்சு, பெட்ரோலையும் மிச்சம் பண்ணியாச்சு. அடுத்தது நம்ம மூச்சுக்காத்துதான்."

ஸ்வென்னிங் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கெலிஸ் ஒரு ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு ஓகோரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். மூடுபனியில் வயல்களும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. கூப்பிட்டால் உள்ளிருந்து ஏதாவது எழுந்து வரும் போலிருந்தது.

கொட்டில் சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது.

சமையலறையில் ஸ்வென்னிங் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசை முன்னால் ஓகோர்.

"வாம்மா. நீதானே இத்தனை வருஷமா என்னை அந்த வரியில வச்சிருந்தவ?"

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க. மறைக்கச் சொன்னது இவர்தான்."

"இவன் எங்க சொன்னான்? நான்தான் இவன்கிட்டக் கெஞ்சினேன்."

இங்கெலிஸ் கேக்கை மேசையில் வைத்தாள்.

"அடியில இருந்தவரைக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை நான் புரட்டறதே இல்லை" என்றார் ஓகோர். "அப்புறம் ஒரு நாள் அறிக்கை உறையைப் பிரிச்சா முதல் வரியே நான். எதிர்ல பூஜ்ஜியம். மறுபடி அடியில போட்டாலும் அது அங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

"ஆனா லாரி வந்துச்சே? கிரெஸ்டென் வந்தானே?"

"தங்கமான பையன். அவனை ஒண்ணும் சொல்லலை. அந்த லாரிச் சத்தம் இருக்கு பாரு..." கிழவர் சன்னலைப் பார்த்தார். "விடியக்காலை அரைத் தூக்கத்துல அது காதுல விழும். உடனே மாடெல்லாம் பனிக்குள்ளேர்ந்து நடந்து வரும். செவலை முன்னால, குட்டைக்கொம்பு பின்னால. பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒவ்வொண்ணும் கையை மோந்து பாக்கும், மூச்சு சுடும். பால் தொட்டியைத் திறந்துவிட எழுந்து ஓடுவேன். போய்ப் பாத்தா வெறும் கொட்டில். லாரி வந்த நாளெல்லாம் மாட்டை மறுபடி வித்த மாதிரி இருக்கும்மா."

இங்கெலிஸ் ஸ்வென்னிங்கைப் பார்த்தாள்.

"இதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே, ஸ்வென்னிங்?"

"சொல்லாதேன்னு நான்தான் வாக்கு வாங்கினேன்" என்றார் ஓகோர். "மாட்டை நெனச்சுக் கிழவன் அழறான்னு ஊரே சிரிக்கவா?"

இங்கெலிஸ் மேலாளர் பக்கம் திரும்பினாள். "அப்ப கார்? வீட்ல கார் நிக்க, இந்தக் காத்துல எதுக்கு சைக்கிள்?"

ஸ்வென்னிங் துடைத்த கோப்பையை அலமாரியில் ஓசைப்படாமல் வைத்தார்.

"விடியக்காலை நான் சைக்கிள்ல வர்றது இவர் தூக்கத்துல கேக்காது."

ஹோல்ஸ்டெப்ரோ ஊர்ப் பக்கம் இதைச் சொல்பவர்கள் முடிவை வேறாக வைக்கிறார்கள். இங்கெலிஸ் திரும்பிப் போய், பூஜ்ஜியம் வருமிடம் வெற்றிடமாகத் தெரியும்படியும் லாரிப் பட்டியலில் அவர் வீடு வராதபடியும் அமைத்து, ஓகோரின் பெயரை டேனிஷ் வரிசையின் கடைசியில் மீண்டும் தூங்கவிட்டாளாம். சைக்கிள் மட்டும் எந்தச் சொல்முறையிலும் மாறவில்லை.