நாற்பத்து மூன்று பக்கம், ஐந்து மணிக்குள்

“படத்தை மட்டும் பாருங்க மேடம், எழுத்தைப் படிக்காதீங்க. அலுவலக ரகசியம்.”

சொல்லிவிட்டு, கணினித் திரையில் எழுத்து வரும் இடத்தையெல்லாம் மடித்த நாளிதழால் மறைத்துக்கொண்டு நின்றார் குமாஸ்தா. கணினி மையத்தை நடத்தும் அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“படிக்க எனக்கு ஏது சார் நேரம்? பேப்பரை எடுங்க. அம்புக்குறி எங்க நிக்குதுன்னே தெரியல.”

அப்போது மணி இரண்டு. ஐந்து மணிக்குள் அந்த வேர்டு கோப்பு பி.டி.எஃப். ஆகி மேலாளரின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கரும்புள்ளியும் விழாத பணிப்பதிவேடு குமாஸ்தாவுடையது. ஐந்து தாண்டினால் முதல் புள்ளி விழும். அடுத்த வாரப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயரும் விழும்.

மேலாளர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். அலுவலகத்தில் எவர் எதைக் கேட்டாலும் பி.டி.எஃப். வடிவில் கேட்க வேண்டும். எதைச் சொன்னாலும் படத்தோடு சொல்ல வேண்டும். மனிதனுக்காகப் படிவமா, படிவத்துக்காக மனிதனா? கேட்டவர் இருவர் உண்டு. இருவரும் இப்போது கிடங்கில் மூட்டை எண்ணுகிறார்கள். கேட்காதவர்கள் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

குமாஸ்தா நன்றாகவே கற்றிருந்தார். நாற்பத்து மூன்று பக்கம். படமில்லாத பக்கமில்லை, பொன்னிறச் சட்டமில்லாத படமில்லை. அவர் வீட்டு வாசல், பேருந்து நிறுத்தம், நின்ற பேருந்து, நிற்காமல் போன பேருந்து, அலுவலக வாயில், நான்கு கோணங்களில் ஒரு காலி நாற்காலி. பக்கத்துக்குப் பக்கம் தலைமாட்டில் மேலாளரின் திருவுருவம் வேறு.

முதல் முறை மாற்றியபோது கணினி உறைந்து நின்றது. இரண்டாம் முறை பி.டி.எஃப். வந்தது, ஆனால் படங்களெல்லாம் இடம்பெயர்ந்திருந்தன. ஏழாம் பக்கத்தில் மேலாளர் பேருந்தின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் சக்கரத்துக்கு அடியில் கிடந்தார்.

“பார்க்க நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மையார்.

இதை மேலாளர் பார்த்தால் தனக்கும் கிடங்குதான் என்று குமாஸ்தா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். படங்கள் எழுத்தின் மேல் மிதக்கின்றன, அதனால்தான் நழுவுகின்றன, ஒவ்வொன்றையும் அதனதன் வரியோடு பிணைக்க வேண்டும் என்று அம்மையார் விளக்கினார். பிணைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

“கட்டிப் போட்டாச்சு சார். இனி உங்க மேலாளர் எங்கயும் போகமாட்டார்.”

மூன்றாம் முறை மேலாளர் இருந்த இடத்திலேயே இருந்தார். ஆனால் முகம் கரிபூசியதுபோல் இருந்தது. படங்களுக்குப் போட்டிருந்த நிழல் அலங்காரமெல்லாம் கறுப்புக் கட்டங்களாகிவிட்டன. எழுத்துகளோ சதுரம் சதுரமாக நின்றன. ரகசியத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை என்று குமாஸ்தா ஒரு கணம் மகிழ்ந்தும் போனார். அம்மையார் நிழல்களைக் களைந்து, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து, நான்காம் முறை முயன்றார். கணினி மறுபடி உறைந்தது. மணி நான்கேகால்.

இனிக் குற்றவாளியைப் பிடிப்பது ஒன்றே வழி. அம்மையார் கோப்பைப் பாதியாக வெட்டினார். முன்பாதி ஒழுங்காக மாறியது. பின்பாதி முரண்டு பிடித்தது. அதையும் பாதியாக வெட்டினார், அதிலும் பாதி. கடைசியில் முப்பத்தோராம் பக்கம் தனியாக அகப்பட்டது. அதில் இருந்தது குமாஸ்தாவின் கையெழுத்து.

“கையெழுத்தா சார் இது? விரிச்சா இந்தச் சுவர் முழுக்க வரும்போல இருக்கு.”

மேலாளருக்குக் கண்பார்வை சற்றுக் குறைவு, அதனால் ஸ்கேன் செய்யும்போது எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக எடுத்ததாகக் குமாஸ்தா பணிவோடு தெரிவித்தார். அம்மையார் கையெழுத்தைச் சுருக்கினார், மற்றப் படங்களையும் சுருக்கினார், துண்டுகளைச் சேர்த்தார், ஐந்தாம் முறை விசையைத் தட்டினார்.

வந்தது பி.டி.எஃப். மேலாளர் மேலே, பேருந்து கீழே, எழுத்து எழுத்தாக. நான்கு ஐம்பத்தாறுக்கு மின்னஞ்சல் புறப்பட்டது. நான்கு ஐம்பத்தெட்டுக்கு ‘கிடைத்தது’ என்று பதிலும் வந்துவிட்டது.

வந்ததிலிருந்து முதன்முறையாகக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மையார் தண்ணீர் கொடுத்தார். கேட்டுக்கொண்டபடியே மூன்று மணி நேரமாக ஒரு சொல்லைக்கூடப் படிக்காதவர் அவர். அதற்குமேல் முடியவில்லை.

“சொல்லக்கூடாதுன்னா வேணாம் சார். ஆனா உங்களோட சேர்ந்து நானும் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருக்கேன். அப்படி என்னதான் கேட்டிருக்கீங்க அதுல?”

குமாஸ்தா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்கு மத்தியானத்துக்கு அரை நாள் லீவு.”

“லீவு எதுக்கு சார்?”

“சொந்த விண்ணப்பத்துக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு மேடம். அதான், வெளிய வந்து இதை பி.டி.எஃப். ஆக்கிறதுக்கு.”