அவசரமில்லாத ஒரு நாள்

“நில்லு, நில்லு. நான் மாட்டிவிடுறேன்.”

கோல்கொண்டா கோட்டை வாசலில், அத்தனை பேர் போய் வருகிற இடத்தில், அருணாசலம் குனிந்து மனைவியின் காலில் கழன்ற செருப்பை மாட்டிவிட்டார். வேதவல்லிக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“என்னங்க இது, நாலு பேர் பார்க்கிறாங்க.”

“பார்த்துட்டுப் போறாங்க. மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இல்ல. மேல ஏறிப் பார்ப்போமா?”

“மேலயா? உன் நெஞ்சு இருக்கிற இருப்புக்கு மலை ஏறணுமாக்கும். இங்க இருந்தே பாரு, தெரியும்.”

வேதவல்லி நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மகனுக்கு ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஏ.எஸ்.ராவ் நகரில் அவன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று இருவரும் அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். நாளைக் காலையில் ரயில். இத்தனை நாளும் அருணாசலம் டி.வி. முன்னால் சாய்ந்து கிடந்தார். வேதவல்லிதான் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாளோடு வாசலில் நின்று, அரைகுறைத் தெலுங்கிலேயே புளிச்சக்கீரைத் தொக்கின் பக்குவத்திலிருந்து அவள் வீட்டு மருமகள் சண்டை வரைக்கும் கேட்டுப் பொழுதை ஓட்டினாள்.

முந்தாநாள் அவளுக்கு நெஞ்சு படபடவென்று வந்தது. தெருமுனை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா தெலுங்கில் கடகடவென்று என்னென்னவோ சொன்னார். கடைசியில், “ஆபரேஷன் அவசரம் லேது” என்று முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அருணாசலத்துக்குப் புரிந்தது அந்த ஒரு வரிதான். அவசரம் இல்லையாம். அப்படியானால் ஆபரேஷன் உண்டு. இன்றைக்கில்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து.

“பையன்கிட்ட வாயைத் திறக்காதீங்க. வேலையில கிடந்து அல்லாடுறான், பயந்துருவான்” என்று வேதவல்லி அங்கேயே சொல்லிவிட்டாள். “எதுன்னாலும் ஊர்ல போய்ப் பார்த்துக்குவோம்.”

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றி இறக்கினார். கட்டிக்கொண்டு வந்தவளை ஒரு பொருட்காட்சிக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னால் போவார். அவள் பின்னாலேயே ஓடி வருவாள். அப்படி ஓடி ஓடித்தான் நெஞ்சு கெட்டதோ என்று நினைத்தபோது, தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதனால்தான் இன்று ஊரைச் சுற்றக் கிளம்பியது. கோட்டையிலிருந்து சார்மினார் வந்தார்கள். கையைப் பிடித்துத் தெருவைக் கடத்திவிட்டார். வளையல் கடையில் அரைமணி நேரம் பொறுமையாக நின்றார்.

“எந்தக் கலர் நல்லா இருக்குங்க?” என்று வேதவல்லி கேட்டாள். இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் கேட்டிராத கேள்வி. முகத்தில் அப்படி ஒரு களை. பார்க்கப் பார்க்க அவருக்குத்தான் உள்ளுக்குள் கூசியது. இவளுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதானா?

சாயங்காலம் ஒரு இரானி டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வேதவல்லி கை கழுவ எழுந்து போனாள். அதே மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அருணாசலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“நாங்களும் தமிழ்தான் அண்ணே. பேரு ஜேம்ஸ். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப். பொறந்து வளந்ததெல்லாம் இங்கதான்.”

யாரிடமாவது கொட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அருணாசலத்துக்கு. கொட்டிவிட்டார்.

“அவளை ஒரு மனுஷியாவே நான் நடத்தலைங்க. இப்ப ஆபரேஷன்னு வந்து நிக்குது.”

“டாக்டர் என்னா சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சொன்னார். ஜேம்ஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அண்ணே, நம்ம அவசரம் வேற, தெலுங்கு அவசரம் வேற. இங்க அவசரம்னா தேவைன்னு அர்த்தம். ஆபரேஷனே தேவையில்லன்னு சொல்லியிருக்காங்க. டீ ஆறுது, நிம்மதியா குடிங்க.”

வேதவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அருணாசலம் எழுந்தே நின்றுவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

“வேதா, உனக்கு ஒண்ணுமே இல்லையாம். அந்தம்மா சொன்னதை நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்.”

அவள் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டது நீங்க மட்டுந்தாங்க.”